அரைச்சுவரில் நான் திருத்திய பெயர்கள்

உங்களில் சிலர் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலேயே பிறந்து, படித்து, இப்போது ஆசிரியர் நியமனத்தோடு திரும்பி வந்திருப்பீர்கள். அவர்களுக்கு என் முகம் மறந்திருந்தாலும் என் கையெழுத்து தெரியும். பாடசாலையை விட்டுப் போகும்போது வாங்கிய விடுகைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அதில் உங்கள் பெயரை எழுதியது நான்தான். பரிசளிப்பு விழாச் சான்றிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், வகுப்பறைக் கதவில் மாட்டும் பலகை என்று முப்பது வருடத்துக்கு மேலாக நான் படிப்பித்த தோட்டத்தில் ஒரு பெயரை அழகாக எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெரிய கர்வம். தமிழ் ஆசிரியை வேறு. ழகரமும் ளகரமும் என் கையில் எப்படி வளையும் என்று நானே ரசித்துக்கொள்வேன்.

புதியவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால் ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்த கதையைத்தான் எடுத்துவிடுவார்கள். அந்தக் கதைகள் என்னிடமும் உண்டு, கேட்டுக் கேட்டு உங்களுக்கே அலுத்துப் போயிருக்கும். நான் அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு செய்த ஒரு கெட்ட காரியத்தைச் சொல்கிறேன். பொறாமையில் செய்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

எங்கள் பாடசாலை கித்துல்கல பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருந்தது. சித்திரப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் நாலைந்து வருடம் கிடந்து, கடைசியில் பலாங்கொடைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். வந்த முதல் வாரமே பிள்ளைகள் அவளை "மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் வந்த நாளிலிருந்து எனக்கு "டீச்சர்"தான். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் "டீச்சர்" என்று கூப்பிடும்போது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், "மிஸ்" என்று கூப்பிடும்போது ஓடிப் போனார்கள். ரம்புட்டான் காலத்தில் ஒரு பிள்ளை பை நிறையக் கொண்டுவந்தால் பாதி அவள் மேசைக்குப் போகும். எனக்கும் வரும். தேடித் தேடிப் புளித்த பழமாக எனக்கே வருகிறதோ என்றுகூட நினைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், பொறாமை பிடித்தவளுக்கு ரம்புட்டானில்கூடக் கணக்குத் தெரியும்.

அவளிடம் தரம் எட்டின் பொறுப்பைக் கொடுத்தார்கள். அடுத்த வகுப்பு என்னுடைய தரம் ஒன்பது. நடுவில் சுவர் என்று சொல்லக்கூடியது இடுப்பளவு அரைச்சுவர் மட்டும்தான். மேலே வெறும் வெளி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அங்கே சிரித்தால் இங்கே என் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

இரண்டாம் தவணையில் அவள் ஒரு வேலையைத் தொடங்கினாள். வகுப்பறையின் அரைச்சுவர்களை உள்பக்கமாக அளந்து, பிள்ளைகள் இருபத்து மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் கொடுத்தாள். அந்தக் கட்டத்தில் அவரவர் தம்மைப் பற்றி என்ன வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயரை எப்படி எழுதுவது என்பது அவரவர் இஷ்டம். அவள் சொன்னது அரைச்சுவருக்கு மேலால் எனக்கு நன்றாகக் கேட்டது. "இந்த வகுப்புக்குள்ள யாராச்சும் வந்தா, நீங்க வாயே தொறக்காம நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியணும். அப்படி வரைங்க பார்ப்போம்."

பிள்ளைகள் போஸ்டர் கலரைக் குழைத்து மாதம் முழுக்க அந்தச் சுவரடியில் குந்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் பெயரைச் சாய்ந்த கோடுகளாலேயே எழுதினான், அவன் அப்பா ரப்பர் மரத்தில் கத்தி போடுவது மாதிரி. ஒரு பெண்பிள்ளை கவிதா என்ற பெயரில் கடைசி எழுத்தின் காலை இழுத்துக்கொண்டே போய், தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்கு ஏறும் படிக்கட்டாக்கி, உச்சியில் தன் வீட்டை வைத்தாள். வகுப்பு வரவு இடாப்பில் கிருஷ்ணகுமார் என்றிருக்கும் பையன் 'கிச்சா' என்று எழுதி, ககரத்தின் வயிற்றுக்குள் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் போகும் ரப்பர் படகு ஒன்றை வரைந்திருந்தான், அவன் அண்ணனுக்கு அந்தப் படகில்தான் வேலை.

மிஸ் அதையெல்லாம் படமெடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஹார்ட்டாக விழுந்தது. பாடசாலை அதிபர் கைதட்டும் கை மூன்று போட்டார். நான் எழுதிய ஒரு பலகைக்கும் அவர் அப்படிப் போட்டதில்லை. நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ரசிக்க இல்லை, பிழை பார்க்க. நிறைய இருந்தது. ஒற்று விட்ட பெயர், ரகரம் றகரம் மாறிய பெயர், கொம்பு கோணிய பெயர். இதற்குத்தானா இவ்வளவு கைதட்டல் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வகுப்பில் நிரோஷா என்று ஒரு பிள்ளை. அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண், காதலித்துக் கல்யாணம் கட்டி லயத்துக்கு வந்தவர். நிரோஷா என்ற பெயரையே இரண்டு வீட்டார் வாயிலும் வரும் என்றுதான் வைத்தார்களாம். தரம் ஒன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் அப்பாதான் வருவார். அம்மா பாடசாலைக் கேற்றைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

சுவர் வேலை நடந்த நாட்களில் ஒருநாள் நிரோஷா மிஸ்ஸிடம் கேட்பது என் காதில் விழுந்தது. "மிஸ், நான் பேர சிங்களத்துல எழுதட்டுமா?"

"ஏன் அப்படி?"

"அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாதுங்க மிஸ். நான் இங்க வந்து என்னத்தப் பாக்குறது, எனக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாதேன்னு சொல்லிச் சொல்லியே வர மாட்டாங்க. இந்தத் தடவ பெத்தோர் கூட்டத்துக்கு வாங்கம்மா, செவுத்துல ஒங்க எழுத்துல என் பேர் இருக்கும், யாரையும் கேக்காம நீங்களே கண்டுபிடிங்கன்னு சொன்னேன். வர்றேன்னு சத்தியம் பண்ணிட்டாங்க மிஸ்!"

"அப்ப தாராளமா எழுது."

இதை நான் கேட்டேன். கேட்கவில்லை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு சொல்லியிருக்கலாம், யாரும் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் கேட்டேன். தரம் ஒன்பதுக்குத் தொகைநிலைத் தொடர் நடத்திக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பணிப்பாளரும் வருவதாகச் செய்தி வந்தது. அந்தச் சுவரைப் பார்க்கத்தான் வருகிறார். கூட்டத்துக்கு முதல் நாள் மிஸ்ஸுக்குக் கேகாலையில் ஒரு பயிற்சி, பாடசாலைக்கு வரவில்லை. பாடசாலை விடும் நேரத்தில் அதிபர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நாளைக்குப் பணிப்பாளர் வர்றாரு. எட்டாம் வகுப்புச் செவுத்த ஒருக்காப் பாத்துருங்க. ஒண்ணு ரெண்டு எழுத்துப் பிழை இருக்கிற மாதிரித் தெரியுது. நீங்க தொட்டா சரியாயிரும்."

ஒன்று இரண்டு என்றுதான் அவர் சொன்னார்.

பிள்ளைகள் போன பிறகு, நல்ல மழை. நான் ஒரு வாளித் தண்ணீரும் துணியும், கறுப்பு எனாமல் டின்னும், என் பழைய பிரஷும் எடுத்துக்கொண்டு அந்த வகுப்புக்குள் போனேன். முதலில் ஒற்று இல்லாத ஒரு பெயரில் ஒற்றை மட்டும் வைக்கத்தான் குந்தினேன். வைத்தேன். என் புள்ளி மட்டும் வடிவாக இருந்து அவன் எழுத்துக் கோணலாக இருந்தது. அதனால் அந்த எழுத்தையும் துடைத்தேன். போஸ்டர் கலர், ஈரத்துணி பட்டதும் வந்துவிடும். எழுத்துப் போனதும் பெயர் முழுவதையும் எழுத வேண்டியதாயிற்று. ஒரு பெயர் அழகாகிவிட்டால் பக்கத்துப் பெயர் இன்னும் கோணலாகத் தெரிகிறது. இப்படித்தான் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டு போனேன். கத்தி வெட்டுப் பெயர் போனது. படிக்கட்டு போனது. கிச்சா, கிருஷ்ணகுமார் ஆனான், படகுக்கு இடம் போதவில்லை. எனக்கு முழங்காலில் வலி, ஐந்து நிமிடம் குந்த முடியாது. அன்றைக்கு மூன்று மணித்தியாலம் குந்தினேன், வலியே தெரியவில்லை.

நிரோஷாவின் கட்டத்துக்கு வந்தபோது நின்றேன். மஞ்சள் நிறத்தில் சிங்கள எழுத்து, உருண்டை உருண்டையாக. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், ஒருத்தி சேலையில், ஒருத்தி சீருடையில், அந்தப் பெயரைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. 'இது தமிழ்ப் பாடசாலை' என்று நான் எனக்குள் சொன்னேன். நல்ல காரணம், யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம். அதைச் சொல்லிக்கொண்டே துடைத்தேன். அந்த இடத்தில் என் வாழ்க்கையிலேயே அழகான 'நிரோஷா'வை எழுதினேன்.

இதை உங்களுக்கு ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் கெடுதல் செய்ய நாம் வெளியில் போய் ஆயுதம் தேட வேண்டியதில்லை. திருத்துவதற்காக நம் கையில் ஒரு பேனா கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் பழி வாங்கலாம், பார்ப்பவர்கள் கடமை உணர்ச்சி என்பார்கள். உங்கள் கை ஒரு கொப்பியை நோக்கி அவசரமாகப் போகும்போது, அந்தக் கொப்பிக்காரப் பிள்ளைமேல் இருக்கும் அக்கறையா, அந்தப் பிள்ளையின் மற்ற டீச்சர்மேல் இருக்கும் எரிச்சலா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மிஸ் வந்து வகுப்பு வாசலில் நின்றாள். நெடுநேரம் உள்ளே கால் வைக்கவில்லை. பிறகு திரும்பி என்னிடம், "டீச்சர், பிள்ளைகள்ட பேரெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

"அதான் இருக்குதே. அதிபர்தான் திருத்தச் சொன்னாரு."

அவள் உள்ளே போய்ச் சுவரைக் கட்டம் கட்டமாகப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், தயாராகத்தான் இருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் நேராகத் தன் கட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தது. கிச்சா மட்டும் என்னிடம் வந்தான்.

"டீச்சர், இது என் பேர் இல்லைங்க. இது இடாப்புல உள்ள பேரு."

நிரோஷா அழவில்லை. மிஸ்ஸின் காதில் ஏதோ கேட்டாள். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி எழுத நேரமிருக்கிறதா என்று. அதற்குள் வாகனம் வந்துவிட்டது, பணிப்பாளர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்.

அவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர், குனிந்து குனிந்து வாசித்தார். "எழுத்தெல்லாம் அச்சுப் போல இருக்கே. யார்ட கை இது?"

"நம்ம டீச்சர்ட கை சேர்," என்று அதிபர் என்னைக் காட்டினார். "முப்பது வருசக் கை."

"அப்படியா? பிள்ளைகளே செஞ்சதுன்னுல்ல நான் கேள்விப்பட்டேன்," என்று பணிப்பாளர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ்ஸின் முகம் சிவந்துபோயிற்று. ஒரு மாத வேலையில் பொய் சொன்னவளைப் போல அவள் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. உங்களிடம் அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அப்போதுதான் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். நிரோஷாவின் அம்மா கடைசியாக வந்தார். இஸ்திரி போட்ட சேலை, கையில் குடை, வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை யாரோ தடுத்தார்கள். மகளைப் பார்த்து, வராதே, நானே கண்டுபிடிக்கிறேன் என்பது போலக் கையைக் காட்டினார். பிறகு கதவடியில் தொடங்கிச் சுவரோடு சுவராக நடந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் நின்றார். கறுப்பு எழுத்து, கறுப்பு எழுத்து, எல்லாம் ஒரே கை. மூன்று பக்கமும் முடிந்துவிட்டது. ஒன்றைத் தவறவிட்டுவிட்டேனோ என்று திரும்பவும் கதவடிக்குப் போய் ஆரம்பத்திலிருந்து வந்தார். வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் எதைத் தேடுகிறார் என்று தெரியும். சேலை கட்டிய பெண்ணை வரைந்திருந்த கட்டத்தில் இரண்டாம் முறை நின்று, எழுத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மகளைப் பார்த்தார்.

"கோ துவே, நம?" என்றார். எங்கே மகளே, பெயர் என்று.

நிரோஷா எழுந்து போனாள். சிங்களத்தில் சொன்னாள்: "இதுதாம்மா. என் எழுத்து வடிவில்லன்னு நான்தான் டீச்சர்ட்ட எழுதித் தரச் சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் சிங்களம் விளங்காதவர் எவருமில்லை. எனக்கு விளங்கும் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாளா, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த தமிழில், "நல்ல எழுத்து டீச்சர். ரொம்ப நன்றி," என்றார். கண்ணில் ஏமாற்றம் அப்படியே இருந்தது, அதோடுதான் நன்றி சொன்னார்.

என்னால் என் கையை அந்தப் பிடியில் வைத்திருக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டேன். "உங்க மக எழுதித்தான் இருந்தா. உங்க எழுத்துலதான். நான் அழிச்சிட்டேன்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

தமிழில் என்றால் என்னிடம் நாலு காரணம் இருந்தது. மொழித் தூய்மை என்று சொல்லியிருப்பேன், அதிபரின் பணிப்பு என்று சொல்லியிருப்பேன், பாடசாலையின் கௌரவம் என்று பந்தி பந்தியாகப் பேசியிருப்பேன். ஆனால் என் சிங்களம் சந்தைச் சிங்களம். மீன் விலை பேசவும், மிச்சக் காசு தராத கண்டக்டரோடு சண்டை போடவும் போதும், சாக்குச் சொல்ல வார்த்தை காணாது. தேடித் தேடிப் பார்த்ததில் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"இரிசியாவட்ட," என்றேன். பொறாமையில் என்று அர்த்தம்.

தமிழில் அந்தச் சொல்லை நான் என்னைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை, மனதுக்குள்கூட. பணிப்பாளர் நிமிர்ந்தார். அதிபர் தரையைப் பார்த்தார். நான் மிஸ்ஸின் பக்கம் கையைக் காட்டி, "இவ மேல," என்று தமிழில் சேர்த்துச் சொன்னேன். "பிள்ளைகள்தான் சேர் செஞ்சாங்க. எல்லாப் பேரும் அவங்களே எழுதினது. நான்தான் நேத்து அழிச்சேன்."

மிஸ் என்னை மன்னித்துவிட்டதாகவெல்லாம் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து பிரஷ்களை எடுத்தாள். நான் ஒன்றுக்குக் கை நீட்டினேன், உதவலாம் என்று.

"நீங்க எழுத வேணாம் டீச்சர்," என்றாள். அவ்வளவுதான். மஞ்சள் தொட்ட பிரஷை நிரோஷாவிடம் கொடுத்தாள்.

என் எழுத்து எனாமல், அழியாது. நிரோஷா அதற்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் குந்தி அவசரமாக எழுதினாள். நடு எழுத்துப் பெரிதாகி, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏறிவிட்டது, என் கறுப்பு எழுத்தில் போய் முட்டிக்கொண்டது. நான் பார்த்த பெயர்களிலேயே கோணலான பெயர் அது.

அவள் அம்மா குடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவராம், வாசிப்பு வேகமாக வரவில்லை. உதட்டை அசைத்து, "நி... ரோ... ஷா..." என்று கூட்டினார். கூட்டி முடித்ததும் சந்தேகம் வந்தது போல மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் முறை சத்தமாகவே வாசித்தார், மகளைத் தூரத்திலிருந்து சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி.

நிரோஷா, பக்கத்திலேயே இருந்தவள், "என்னம்மா?" என்றாள்.

ஆயிரக்கணக்கான பெயர்களை நான் எழுதியிருக்கிறேன். ஒன்றையாவது யாரும் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. அங்கே நின்றுகொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகும், அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கோணல் எழுத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.